பெட்ரோல் அடிக்கப் போன சனிக்கிழமைகள்

பாறசாலையில் பெட்ரோல் பம்பு இல்லாமல் இல்லை. கழுவித் துடைத்து, வாசலில் செடி வைத்து, நன்றாகவே நடத்துகிறார்கள். அங்கே பெட்ரோல் அடிப்பவர்கள் யார் என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வழி தெரியாத வெளியூர்க்காரர்கள், அவசரத்துக்கு ஓடும் ஆம்புலன்ஸ், மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புது மாப்பிள்ளை, இவர்களாகத்தான் இருக்க வேண்டும். மற்ற எங்களுக்கெல்லாம் பெட்ரோல் என்பது களியக்காவிளைக்கு அப்பால் கிடைக்கும் பொருள். மாநிலம் மாறினால் விலை குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்று கேட்பவன் எங்கள் ஊர்க்காரன் இல்லை. அங்கே போய்வர எரிகிற பெட்ரோலைக் கழித்துப் பார்க்கிறவனை மனுஷக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெட்ரோல் தீர்ந்து நின்றுபோன ஸ்கூட்டரை, உள்ளூர் பம்பின் வாசல் வழியாகவே தள்ளிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க எல்லை தாண்டிப் போன ஒரு படித்த முட்டாளை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் சவரம் செய்யும்போது பார்க்கிறேன்.

இந்த ஊர் வழக்கத்தை என் அளவுக்குக் கேவலமாக நினைத்தவனும் கிடையாது, என் வீட்டின் அளவுக்கு அதை நம்பி வாழ்ந்த வீடும் கிடையாது. காரணம், என் மனைவியின் சனிக்கிழமை.

சனிக்கிழமைதோறும் அவள் பெட்ரோல் அடிக்கப் போவாள். காலைப் பலகாரம் முடிந்ததும் காரை எடுப்பாள். தெருவிளக்கு எரிகிற நேரத்துக்குத் திரும்புவாள். பம்புக்கும் எங்கள் வீட்டுக்கும், நடுவில் ஒரு லாரி குறுக்கே நின்றாலும், கால் மணி நேரப் பாதை. ஒரு சின்னக் காரின் தொட்டி நிறைய ஒரு முழுப் பகல் ஆகுமா என்று நான் கேட்டதில்லை. திரும்பும்போது கையில் எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று இருக்கும். உள்ளே சூரை மீன் புளிமுளம். புளியும் மிளகும் சுண்டி மீனோடு ஒட்டிக்கிடக்கும் அந்தக் கறியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை திசைமாறிப் போகும்.

"ஓட்டல்ல வாங்கினேன்" என்பாள்.

எந்த ஓட்டலில் தூக்குவாளியில் ஊற்றித் தருகிறார்கள் என்றும் நான் கேட்டதில்லை. வாளியின் மூடியில் அவளுடைய அக்காள் புருஷன் பெயர், அதாவது என் சகலையின் பெயர், பெரிய எழுத்தில் வெட்டியிருக்கும். மூடியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுவேன்.

அக்காள் வீடு படந்தாலுமூட்டில், எல்லையைத் தாண்டியதும். அங்கே நாங்கள் போவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவன் நான். அதற்குக் காரணம் ஒரு கோழி.

எங்கள் கிறிஸ்தவ சபைகளில் அறுப்பின் பண்டிகை அன்று ஏலம் நடக்கும். விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். வாழைக்குலை, பலாச்சக்கை, சேனை, சில சமயம் உயிருள்ளது. பிறகு அதையே சபையார் ஏலம் எடுப்பார்கள். பக்தி பொங்கும் நாள். ஒரு தேங்காய் என்ன விலைக்குப் போகிறது என்பதை வைத்து யார் வீட்டில் புதிதாகப் பணம் வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். சகலைக்கு டயர் கடை. கையில் தங்கச் செயின். சட்டைப் பொத்தான்கள் போடப்படுவதற்காகத் தைக்கப்பட்டவை என்கிற செய்தி அவனை எட்டவில்லை. அந்த வருஷம் எங்கள் சபைப் பண்டிகைக்கு விருந்தாளியாக வந்தவன், நான் கேட்ட கோழிக்கு எதிராக ஏலம் கேட்கத் தொடங்கினான். நான் கோழி வளர்ப்பவன் இல்லை. ஆனால் பந்தலுக்குள் இருநூறு பேர் திரும்பிப் பார்க்கும்போது பின்வாங்குகிற தத்துவம் எதையும் நான் படித்த புத்தகங்கள் கற்றுத் தரவில்லை. ஏற்றிக்கொண்டே போனேன். உச்சியில் என்னை நிறுத்திவிட்டு, அவன் மைக்கை வாங்கினான்.

"எழுத்துக்காரருக்கே விட்டுக் குடுத்தாச்சு. வேற வரும்படி இல்லாத மனுசன். முட்டையாவது கிட்டட்டும்."

சபை சிரித்தது. போதகர் சிரிக்காமல் இருக்க முயன்றார். அதுதான் அதிகம் வலித்தது. திரும்பும் வழியில், பின்சீட்டில் கோழி கொக்கரித்துக்கொண்டிருக்க, இனி அந்த வீட்டு வாசலில் இந்த வீட்டுக் கால் படாது என்று அறிவித்தேன். மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்தது அந்த ஒரு அக்காள்தான்; அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அந்த அக்காளின் அடுக்களை மட்டும். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததெல்லாம் உதவும் என்றால் நான் வேறு ஆளாக இருந்திருப்பேன்.

அந்த வாரச் சனிக்கிழமை அவள் சொன்னாள்: "கேட்டியளா, வண்டியில பெட்ரோல் இல்ல. நான் போய் அடிச்சிட்டு வாறேன்." வண்டியில் பெட்ரோல் இருந்தது. சட்டத்துக்கு ஓட்டை வேண்டும் என்பது சட்டம் போட்டவனுக்கும் தெரிந்திருந்தது. எங்கள் சட்டத்தின் ஓட்டை, பெட்ரோல் தொட்டியின் வாய் அளவு. அதன் வழியாக அவள் வருஷக்கணக்கில் போய்வந்தாள். சகலை பகலெல்லாம் கடையில் இருப்பான் என்பதால் அவனுக்கும் எனக்கும் மானம் மிஞ்சியது; எனக்குக் கறியும் மிஞ்சியது.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில் நான் மின்சாரக் கார் வாங்கினேன்.

உலகத்தைக் காப்பாற்ற என்று நண்பர்களிடம் சொன்னேன். பொய். சகலை ஒரு டீசல் வண்டி வாங்கியிருந்தான். வண்டி என்று சொல்வதற்கில்லை. சக்கரம் வைத்த கல்யாண மண்டபம். களியக்காவிளைச் சந்திப்பில் அது என்னைக் கடந்து கரும்புகையை முகத்தில் ஊதிவிட்டுப் போனது. அந்தக் கணத்தில் எனக்குச் சுற்றுச்சூழல் பற்றிய ஞானம் பிறந்தது. அவன் புகை விடுகிறவன், நான் விடாதவன். ஒரு மனிதனை மேலிருந்து பார்க்க இதைவிட உயரமான இடம் கிடைக்காது.

காட்சியறையில் கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் என்னிடம் சொன்னார்: "சாறே, இது கார் அல்ல. ஒரு தீர்மானமாக்கும்." இப்படிப்பட்ட வாக்கியங்களை எழுதிப் பிழைப்பவன் நான், அதற்கே மயங்கினேன் என்பதைக் கவனிக்கவும். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு தூரம் ஓடும் என்று அவர் ஒரு தூரம் சொன்னார். ஏசி போடாமல், ஏற்றம் ஏறாமல், பக்கத்தில் ஆள் இல்லாமல், டிக்கியில் தேங்காய் இல்லாமல் ஓட்டினால் அந்தத் தூரம் கிடைக்கும் என்று பிறகு தெரிந்தது. ஏற்றம் இல்லாத சாலை எங்கள் தாலுகாவில் இருந்தால் எனக்கும் காட்டுங்கள். ஸ்டெப்னி டயர் எங்கே என்று கேட்டேன். அதற்குப் பதில் ஒரு குப்பியில் பசையும் சின்னக் காற்றுப் பம்பும் காட்டினார். டயர் கடைக்காரனுக்கு எதிராக வாங்குகிற வண்டியில் டயர் ஒன்று குறைவது நியாயம்தான் என்று தோன்றியது. பழைய பெட்ரோல் காரை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் ஒரு பிரசங்கம் செய்தேன். "இனி பெட்ரோலுக்கு அலைய வேண்டாம். ராத்திரி வீட்டில் செருகினால் காலையில் முழுசாக இருக்கும்."

மனைவி காரைச் சுற்றி வந்தாள். பெட்ரோல் மூடி இருக்க வேண்டிய இடத்தைக் கையால் தடவினாள்.

"கொஞ்சம்கூட ஊத்தாண்டாமா?"

"ஒரு துளி வேண்டாம்."

"ஓ" என்றாள். உள்ளே போய்விட்டாள். மைல் கணக்கில் புத்தகம் படித்தவன், அந்த 'ஓ'வை மட்டும் சரியாகப் படிக்காமல் விட்டேன். முகத்தில் வாட்டம் இருந்ததைக் கண்டு, பழைய காரின் நிறம் பிடித்திருந்ததோ என்று நினைத்தேன்.

அவளைக் காப்பாற்றியது எங்கள் ஊர் மின்சாரம். எங்கள் வீடு மேட்டில். கார் நிற்பது கீழே சாலையோரக் கொட்டகையில். மீட்டரிலிருந்து கிணற்றைச் சுற்றி, செம்பருத்தி வேலியில் தொங்கி, படிகளின் ஓரமாக இறங்கி ஒரு கறுப்பு வயர் காருக்குப் போனது. போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கொண்டாட்டம்.

"சாறே, கெட்டிப் போட்டிருக்கேளா? அவுந்து போயிராதே?"

"தீவனம் வச்சாச்சா?"

"எலே, பக்கத்தில போகாத மக்கா, முட்டும்."

முட்டவில்லை. குடிக்கவும் இல்லை. சாயங்காலம் பஞ்சாயத்து முழுக்க மோட்டார் போட்டு தண்ணீர் ஏற்றுகிற நேரத்தில், எங்கள் வீட்டு பல்பு பழுத்த இலை நிறத்துக்கு வரும். அப்போது கார் ஒரு சிவப்பு விளக்கைக் காட்டி உண்ணாவிரதம் இருக்கும். காற்றடித்தால் ரப்பர் மரக்கிளை லைனில் விழும். மழை வந்தால், விழாமலேயே கரண்டு போகும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வந்தவர் ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்து, "எர்த்து கொள்ளத்தில்ல சாறே", அதாவது சரியில்லை, என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் வருவதாகப் போனார். எங்கள் பக்கத்தில் அடுத்த வாரம் என்பது ஒரு மனநிலை.

வண்டி ஓட வேண்டுமே. அமரவிளைப் பக்கம் ஒரு ஓட்டல் வாசலில் சார்ஜ் ஏற்றும் பெட்டி இருப்பதாக மேப் காட்டியது. போனேன். பெட்டி இருந்தது. அதன் முன்னால் ஒரு பெட்ரோல் கார் நின்றது. அதன் சொந்தக்காரர் உள்ளே பொரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வண்டிய கொஞ்சம் மாத்தணும். இது சார்ஜ் ஏத்துற இடமாக்கும்."

அவர் பொரோட்டாவைக் கிழித்து சால்னாவில் நனைத்து, என்னை நிதானமாகப் பார்த்தார். "நானும் சார்ஜ்தான் ஏத்துறேன்" என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. அவர் சாப்பிட்டு முடித்து வண்டியை எடுத்த பிறகு நான் என் வண்டியை விட்டேன். பெட்டி என் போனில் ஒரு ஆப் கேட்டது. ஆப் என் பெயர், பிறந்த நாள், முன்பணம், ஒரு செல்ஃபி கேட்டது. கடைசியில் நெட்வொர்க் கேட்டது. அது அந்த ஓட்டல் வாசலில் இல்லை, எதிர்ப்புறம் இருந்தது. சாலையைக் கடந்து அங்கே போய் ரகசிய எண் வாங்கி, திரும்ப ஓடிவந்து அழுத்துவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்றது. புதிய நாகரிகத்தின் வாசலில் நின்றபடி, இரண்டு பக்கமும் பாயும் லாரிகளுக்கு நடுவே நான் இப்படி ஓடிக்கொண்டிருந்ததைச் சபையைச் சேர்ந்த இரண்டு பேர் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறார்கள். எனக்காக ஜெபித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

விஷயம் அறிந்த பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் தலை நீட்டினார். "என்னத்துக்கு சாறே அமரவிளைக்குப் போனிய? அக்கரையில போய் ஏத்துங்க. கரண்டும் அங்கதான் லாபம்."

எதுவும் அக்கரையில்தான் லாபம் என்பது எங்கள் மதம். மின்சாரமும் அப்படித்தானா என்று யாரும் விசாரிக்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை மனைவி சாவியை எடுத்தாள். "நான் போய் ஏத்திட்டு வாறேன்." எல்லைக்கு அப்பால் ஒரு ஓட்டல் வாசலில் பெட்டி இருந்தது. அதில் ஒரு பகல் உண்மையாகவே ஆகும். வருஷக்கணக்காகச் சொல்லிவந்த பொய் ஒன்று இவ்வளவு வசதியாக உண்மையாகி நான் கண்டதில்லை. வண்டியை அங்கே செருகிவிட்டு ஆட்டோவில் அக்காள் வீட்டுக்குப் போவாளாக இருக்கும். சாயங்காலம் தூக்குவாளி வந்தது. நான் மூடியைக் கவிழ்த்தேன்.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் புகையில்லாத மனிதனுக்கு வீட்டிலேயே சார்ஜ் ஏறாதது ஒரு குறையாக உறுத்தியது. எலக்ட்ரீஷியனை விரட்டினேன். மின்வாரிய அலுவலகத்தில் லோடு கூட்டிக் கேட்டேன். ஒரு நாள் எலக்ட்ரீஷியன் உண்மையாகவே வந்து, குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த்து பதித்து, சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார். இரவு செருகினேன். பச்சை விளக்கு. காலையில் நூறு. நான் காரைச் சுற்றி வந்து தட்டிக்கொடுத்தேன். சமையலறை ஜன்னலில் மனைவி நின்றிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் பரணைச் சுத்தம் செய்தாள். அடுத்த சனிக்கிழமை திரைச்சீலைகளைத் துவைத்தாள். அதற்கடுத்து, துவைத்த திரைச்சீலைகளையே மறுபடி துவைத்தாள். ஒருமுறை மட்டும் பலகாரம் முடிந்ததும் சேலை மாற்றிக்கொண்டு வந்து, "பனச்சமூட்டுச் சந்தையில காய்கறி கொள்ளாம்ணு சொல்லுதாவ" என்றாள்.

நான் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இங்கே கிடைக்காத காய்கறியா?" என்றேன்.

அவள் சேலையை மாற்றிக்கொண்டு வந்து அரிசி புடைக்க உட்கார்ந்தாள். போகட்டுமா என்று கேட்டிருந்தால் போ என்றிருப்பேன். கேட்டால், அத்தனை வருஷம் எங்கே போனாய் என்பதும் சேர்ந்து வெளியே வரும். நானாகச் சொன்னால், கோழி வெளியே வரும். இருவருக்கும் நடுவில் நூறு சதவீதம் நிறைந்த ஒரு கார் நின்றது. அவள் சமைத்த மீன் கறியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை அவள் சாப்பிடவில்லை.

ஒரு சனிக்கிழமை கடைசியாக ஒரு வழி கண்டுபிடித்தாள். "டயரில காத்து கொறவாக்கும். அடிச்சிட்டு வாறேன்."

மின்சாரக் காருக்கும் காற்று வேண்டும். இது எனக்குத் தோன்றவில்லையே என்று மகிழ்ந்தேன். டிக்கியில் பம்பு கிடப்பதை நான் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அறிவாளியாக நடந்துகொண்டதற்கு இன்றும் பெருமைப்படுகிறேன். கார் சத்தமில்லாமல் இறங்கிப் போனது. வழியில் படுத்திருந்த நாய்கூட எழவில்லை, அவள் ஹாரன் அடித்து எழுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் என் போன் அலறியது. அபாயச் சங்கு மாதிரி ஒரு சத்தம். திரையில் வரைபடம். உங்கள் வாகனம் அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டிவிட்டது. இப்போது நிற்கும் இடம்: படந்தாலுமூடு. கீழே ஒரு சிவப்புப் புள்ளி. சுற்றிக் காட்டியது சகலை வீட்டு மாமரம் வரைக்கும் தெரிகிற படம்.

கார் வாங்கிய அன்று அந்தக் கழுத்துப்பட்டைக்காரர் திருட்டுப் பயத்துக்காக என்று சொல்லி, வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போடச் சொன்னார். நான் காரின் திரையிலேயே மாநில எல்லையை ஒட்டி, பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று போட்டு வைத்தேன். அவள் அக்கரைக்குச் சார்ஜ் ஏற்றப் போன வாரங்களில் இந்தச் சத்தம் ஏன் வரவில்லை என்று பார்த்தேன். நெட்வொர்க் பிடிக்காமல் இருந்த என் போனில் ஆப் சரியாகப் பதியவே இல்லை. எலக்ட்ரீஷியன் வெள்ளைப் பெட்டி மாட்டிய அன்றுதான் அவரே எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தார். என் போனோடு, அவள் போனையும்.

அதாவது, அக்காளின் அடுக்களையில் அவள் கைப்பையும் இதே சத்தத்தில் அலறியிருக்கும்.

சோறு வைக்கிற நேரத்துக்கு முன்பே திரும்பிவிட்டாள். கையில் தூக்குவாளி இல்லை.

"காத்து அடிச்சாச்சு" என்றாள்.

"செரி" என்றேன்.

சாவியை என் முன்னால் மேசையில் வைத்தாள். கோபம் இல்லை, கோபம் இருந்தால் எனக்குப் பழக்கமான பாதை.

"வண்டிய இனி நீங்களே வச்சிக்கிடுங்க. பழைய வண்டி ஒண்ணும் சொல்லாது. இது உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிருது."

பெட்ரோல் காரைக் குறை கூறிப் பேசுபவர்கள், எழுதுபவர்கள், மேடையில் பட்டியல் போடுபவர்கள் யாரும் இந்த ஒன்றைச் சொல்வதில்லை. சத்தம், நாற்றம், புகை எல்லாம் உண்டு. ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்கும். என் புதுக் காரோ புகை விடாது, கோள் சொல்லும். சகலைக்கு எதிராக நான் கொண்டுவந்து நிறுத்திய உயர்ந்த பொருள், அவன்கூடச் செய்யாத கீழ்த்தரமான வேலையை என் வீட்டுக்குள் செய்தது.

திங்கட்கிழமை கார் கம்பெனிக்காரர்களின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் இனிமையாகப் பேசினாள்.

"சார், லொகேஷன் வசதியை எதுக்காக நிறுத்தணும்னு சொல்ல முடியுமா?"

"என் மனைவி எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியக் கூடாது."

"தெரியணும்னுதான் சார் எல்லாரும் கேப்பாங்க."

"நான் கேக்கல மக்கா."

"சரி சார். காரணம் 'மற்றவை'ன்னு போட்டுக்கறேன்."

பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஆச்சரியமாக அன்றைக்கே வந்தார். சுவரில் வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தார்.

"இது கொள்ளாமே சாறே. எந்தா பிரஸ்னம்?"

"இதைக் கேடாக்கணும்."

"ஏது?"

"வேலை செய்யப்படாது. ஆனா நான் வேணும்னா செய்யணும்."

அவர் காதிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். எழுதுகிறவர்கள் வீட்டில் வேலைக்குப் போகாதே என்று அவருக்கு யாரோ முன்பே சொல்லியிருப்பார்கள். ஒன்றும் கேட்காமல் மீட்டருக்குப் பின்னால், துடைப்பம் தொங்குகிற இடத்தில், ஒரு சின்ன பிரேக்கரை வைத்துவிட்டுப் போனார். அதை இறக்கினேன். பச்சை விளக்கு அணைந்தது. உருப்படியாக எர்த்து போட்ட வீட்டில், கைக்காசு போட்டு வேலை வாங்கி, வேலை செய்கிற பொருளைக் கெடுத்துக்கொண்ட ஒரே மனிதன் இந்தத் தாலுகாவில் நான்தான் என்று நினைக்கிறேன். குளத்தூர்ப் பக்கம் வேறு யாராவது இருக்கலாம்; அங்கே எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

சனிக்கிழமை காலை, தோசை பாதியில், சொன்னேன்.

"வீட்டுச் சார்ஜர் போச்சு. எர்த்து மறுபடியும் கொள்ளத்தில்லயாம். அக்கரையில போய்த்தான் ஏத்தணும்."

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "போன்ல சத்தம் வருமே?"

"அந்த ஆப்பும் கேடாயிட்டு."

"எல்லாம் ஒண்ணா எப்பிடி கேடாவும்?"

"சாதனம் அப்பிடி. வாங்கினவன் மடையன்."

முதல் பாதியை அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தட்டில் தோசையை வைத்துவிட்டு, அடுப்பை அணைத்தாள். உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். கையில் தூக்குவாளி இருந்தது. எத்தனையோ நாளாக அலமாரிக்குப் பின்னால் மறைந்து கிடந்ததை, என் கண் முன்னால், கழுவித் துடைத்துப் பளபளவென்று பிடித்திருந்தாள்.

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"சாயங்காலம் வர ஆகும்."

"செரி. போயிட்டு வாறேன்."

சாயங்காலம் வந்தது. கறியும் வந்தது. நான் கீழே இறங்கிக் காரின் திரையைப் பார்த்தேன். காலையில் போனபோது இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தது. ஓட்டல் பக்கமே போகவில்லை. நல்லது, ஆட்டோவுக்குக் காத்து நிற்கிற நேரமும் அக்காளுக்கே மிச்சம்.

"நல்லா ஏறிச்சா?" என்றேன்.

"முழுசா ஏறிச்சு" என்றாள். சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "அத்தான் இன்னைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்தாவ. உங்க வீட்டுச் சார்ஜர் கேடாயிட்டாமேண்ணு கேட்டாவ. அது அப்பிடியே கெடக்கட்டும்ணு சொன்னாவ."

அவனுக்கு என் வீட்டில் எது கெட்டுப்போனாலும் சந்தோஷம். பொத்தான் போடத் தெரியாதவன். இருந்தாலும் அன்றைக்கு நான் மூடியைக் கவிழ்க்க மறந்துபோனேன். சாப்பாடு முழுக்க அவன் பெயர் மேசையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்காகக் கறி கசக்கவில்லை.

ஒரு சிக்கல் மிச்சம். ஏறாத கார் எத்தனை சனிக்கிழமை ஓடும்? புதன்கிழமை மத்தியானம் மனைவி சபைப் பெண்கள் கூட்டத்துக்குப் போகிறாள். அவள் குடை வளைவில் மறைந்ததும், துடைப்பத்தை விலக்கி பிரேக்கரைத் தூக்குகிறேன். என் சொந்தக் காருக்கு, என் சொந்த மின்சாரத்தை, திருடனைப் போலப் படிக்கட்டில் உட்கார்ந்து ஏற்றுகிறேன். மதிலுக்கு மேல் தலை தெரிந்தால் வயரைத் தழையால் மூடுகிறேன். கூட்டம் முடிந்து அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நடுவில் எனக்கு நெய்யாற்றின்கரை போகவேண்டி வந்தால் பஸ்ஸில் போகிறேன். சனிக்கிழமைக்கு வண்டியில் குறைந்துவிடக் கூடாதே. நிறுத்தத்தில் யாராவது கேட்பார்கள்: "கரண்டு கார் எங்க சாறே?" வீட்டில் கட்டிப் போட்டிருக்கிறது என்பேன்.

போன சனிக்கிழமை அவள் காரில் ஏறி, கதவைத் திறந்தபடியே திரையைப் பார்த்தாள். நானும் படியில் நின்று பார்த்தேன். நூறு என்று கொட்டை எழுத்தில் எரிந்துகொண்டிருந்தது. புதன்கிழமை பஸ்ஸில் போகவேண்டிய வேலை எதுவும் வரவில்லை. கொஞ்சம் தாராளமாக ஏற்றிவிட்டேன்.

அவள் அந்த எண்ணைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தூக்குவாளியைப் பக்கத்துச் சீட்டில் சரியாமல் வைத்தாள்.

"சார்ஜ் கொறவாக்கும்" என்றாள். "ஏத்திட்டு வாறேன்."